அணையின் மட்டமும் ஆற்றின் வரத்தும்: காலநிலை விவாதத்துக்கு ஒரு தொடக்கக் கணக்கு

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் ஒக்கிப் புயலில்தான் தொடங்கும். 2017 நவம்பர் 29 இரவு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் விடிந்த சில மணி நேரத்தில் புயலாகிவிட்டது. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கரை திரும்ப நேரமே இல்லை. கரையில் ரப்பரும் வாழையும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. "இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்பார் ஒருவர். "1964-ல தனுஷ்கோடியே போச்சே மக்கா, அப்போ எந்தக் காலநிலை மாறிச்சு?" என்பார் அடுத்தவர்.

இரண்டுமே வாதமாகாது. ஒற்றைப் புயலை வைத்துக் காலநிலை மாற்றத்தை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இந்தப் பேச்சுக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பூமி சூடாகிறது, அதற்கு மனிதரே காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது முதல் கேள்வி. உமிழ்வை, அதாவது நாம் எரிபொருள் எரித்தும் காடழித்தும் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றை, குறைத்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. இரண்டாவதில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரே ஒரு கணக்குப் பிழைதான் வேர். அதை அவிழ்க்கத்தான் இங்கே கூடுதல் இடம்.

நோட்டில் எழுதியது எப்போது சான்றாகும்?

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய நாள், மழையால் வெட்டு நின்ற நாள் என்று ஒருவர் நோட்டுப் போட்டு எழுதிவந்தால் அது வானிலைப் பதிவு. அதே நோட்டு 30 ஆண்டு விடாமல் நீண்டால் அதிலிருந்து காலநிலையைப் பேசத் தொடங்கலாம். உலக வானிலை அமைப்பு சராசரி எடுக்கப் பயன்படுத்துவதும் 30 ஆண்டுகள்தான். போன வருஷம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிந்தியது, இந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டியது என்பதெல்லாம் வானிலை.

இதில் அதிகம் நடக்கும் கோளாறு, தொடங்கும் ஆண்டைத் தனக்குத் தோதாகத் தேர்ந்தெடுப்பது. 1998-ல் எல் நினோ (பசிபிக் கடல் சில ஆண்டுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவது) கடுமையாக இருந்ததால் அந்த ஆண்டு உலகமே வழக்கத்தைவிடச் சூடு. அங்கே தொடங்கி 2012-ல் முடித்து ஒரு கோடு இழுத்தால் சூடு நின்றுவிட்டதுபோல் தெரியும். 1970-லிருந்து இழுத்தால் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். ஆகவே யாராவது வரைபடம் காட்டினால் முதலில் இடது ஓரத்தில் எந்த ஆண்டு என்று பாருங்கள். அடுத்து, எந்தக் காலத்தோடு ஒப்பிட்டு இத்தனை டிகிரி என்கிறார்கள் என்று பாருங்கள்.

1850–1900 சராசரியோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பம் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 2024-ஐ மட்டும் தனியாக எடுத்தால் சுமார் 1.55 டிகிரி. அதற்காகப் பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி வரம்பு உடைந்துவிட்டது என்று சொல்வது தவறு; அந்த வரம்பைப் பல ஆண்டுச் சராசரியில்தான் அளப்பார்கள். இந்தியாவில் 1901 முதல் 2018 வரை ஏறியது சுமார் 0.7 டிகிரி. உலகச் சராசரியைவிட இது குறைவாக இருப்பதற்கு நம் காற்றில் மிதக்கும் புகைத்தூசி வெயிலைக் கொஞ்சம் தடுப்பது ஒரு காரணம். நமக்கு நெருக்கமான எண் கடலுடையது: வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை 1 டிகிரி சூடாகியிருக்கிறது.

"வெப்பமானி இருக்கும் இடத்தைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது, கான்கிரீட் சூட்டைத்தான் அளக்கிறார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. நல்ல கேள்விதான். அமெரிக்காவின் பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் இதே சந்தேகத்தோடு பழைய பதிவுகளையெல்லாம் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தார். 2011-லும் 2012-லும் வந்த அவருடைய முடிவுகள் ஏற்கெனவே இருந்த வரைபடத்தோடு ஒத்துப்போயின. கடல் நடுவில் கான்கிரீட் கிடையாது. அங்கே 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறி வெப்பத்தை அளக்கும் ஆர்கோ மிதவைகள் சுமார் 4,000 இருக்கின்றன. கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்குமேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது என்று தெரியவந்தது இத்தகைய அளவீடுகளால்.

இப்போது ஒக்கிக்குத் திரும்பலாம். புயல் உருவாகக் கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்குமேல் இருக்க வேண்டும். குமரிக் கடல் பெரும்பாலும் அதற்கு மேலேதான். கடல் எவ்வளவு சூடோ அவ்வளவு தீனி புயலுக்கு. தாழ்வு மண்டலம் சட்டென்று முறுகிப் புயலாவதற்கான வாய்ப்பும் கூடும். இதுவரை சொல்லலாம். ஒக்கியில் இத்தனை பங்கு காலநிலை மாற்றம் என்று எண் போட்டுச் சொன்னால் வரம்பு மீறிய பேச்சு.

கடலரிப்பிலும் இதே நிதானம் வேண்டும். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. முப்பது ஆண்டில் 10 சென்டிமீட்டர். ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு ஒரு பக்கம் மணல் குவிய, மறுபக்கம் ஐந்தாறு ஆண்டில் தெருவே கடலுக்குள் போகிறதென்றால் அந்த வேகம் கடல்மட்டத்தால் வந்ததல்ல. கரையோரமாக ஓடும் மணலைச் சுவர் மறித்துவிட்டது. அடுத்த ஊருக்கு மணல் போகவில்லை. ஆறுகளில் அணை கட்டியதும் மணல் அள்ளியதும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் ஏற்றினால் கரையில் தப்பாகக் கட்டியவர்களுக்குத்தான் வசதி.

காரணம் மனிதர் என்று எப்படித் தெரியும்?

"பூமி எப்பவும் மாறிக்கிட்டேதானே இருக்கு, குமரிக்கண்டமே முங்கலையா?" என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் வராமல் இராது. கண்டம் அளவுக்கு ஒரு நிலம் மூழ்கியதற்கு நிலவியல் தடயம் இல்லை. ஆனால் கடல் ஏறியது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட 120 மீட்டருக்குமேல் தாழ்ந்திருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே இன்று ஆழம் குறைந்த கடலாக இருக்கும் பரப்பில் ஒரு பகுதி அப்போது தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. அதைத் தொடங்கிவைத்தது பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் சிறு மாற்றங்கள். அப்போது 5, 6 டிகிரி ஏற ஏறக்குறைய 10,000 ஆண்டு ஆனது. இப்போது பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி. சுற்றுப்பாதை அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. காடு முன்பெல்லாம் இடி விழுந்து எரிந்தது என்பதால் இன்று தீக்குச்சியால் எரியாது என்று ஆகிவிடுமா?

இயற்பியல் பழையது. 1856-ல் யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தபோது கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது. 1859-ல் ஜான் டின்டால் எந்த வாயு வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார். காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சுகிறது. "வெறும் 0.04 சதவீதம் என்ன செய்துவிடும்?" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது: மீதி 99 சதவீதம் இந்த வேலைக்கு ஆள் இல்லை. உவமை சொல்வதைவிட அளவைக் காட்டுவது நல்லது. 1970-லும் 1996-லும் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரைப் பதிவு செய்தன. இரண்டையும் ஒப்பிட்டால், கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் உறிஞ்சும் அலைநீளங்களில் வெளியேற்றம் குறைந்திருப்பது தெரிகிறது.

நீராவிதான் பெரிய பசுமைக்குடில் வாயு என்பதும் சரி. ஆனால் காற்றில் சேரும் நீராவி பத்து நாளுக்குள் மழையாகிவிடும். தானாக அது ஏறி நிற்காது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆக நீராவி சூட்டைப் பெருக்கும், தொடங்கிவைக்காது.

அந்தக் கார்பன் நாம் எரித்ததா, எரிமலை கக்கியதா? எரிமலைகள் ஆண்டுக்கு வெளிவிடுவது மனித உமிழ்வில் 1 சதவீதம்கூட இல்லை. இன்னும் நேரான தடயம் கார்பனிலேயே இருக்கிறது. கார்பனில் கார்பன்-14 என்று தானாகச் சிதையும் ஒரு வகை உண்டு; அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் மிஞ்சியிருக்காது. எரிபொருள் எரிய எரிய, காற்றிலுள்ள கார்பனில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போகிறது. தாவரங்களிலிருந்து உருவான எரிபொருளில் கார்பன்-13 என்ற இன்னொரு வகையும் குறைவு. காற்றிலும் அதன் பங்கு இறங்குகிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனும் அதற்கேற்ற சிறு அளவில் குறைந்துவருகிறது. மூன்று கைரேகையும் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன.

சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு: கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. பசுமைக்குடில் வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று மனாபே, வெதரால்ட் என்ற விஞ்ஞானிகள் 1967-லேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் அளவைக் கண்காணிக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறது, ஏறுமுகம் தெரியவில்லை.

பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள்

இனி இரண்டாவது கேள்வி. 2020-ல் உலகம் முழுக்க ஊரடங்கு. விமானம் பறக்கவில்லை, ஆலைகள் மூடிக்கிடந்தன. எரிபொருள் உமிழ்வு அந்த ஆண்டு 5 சதவீதத்துக்குச் சற்றுமேல் குறைந்தது. ஆனால் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவு வழக்கம்போல ஏறிக்கொண்டே இருந்தது. "பார்த்தீர்களா, உலகத்தையே பூட்டிப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை, குறைப்பதெல்லாம் வீண்" என்ற வாதம் அன்று பிறந்தது. கேட்க வலுவாக இருக்கும். பிழை எங்கே என்று பார்க்க ஓர் அணை போதும்.

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. தினசரியில் இரண்டு எண் வரும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி. வரத்து நேற்று 1,000 கன அடியாக இருந்து இன்று 950 ஆகிவிட்டதால் மட்டம் இறங்கிவிடுமா? இறங்காது. கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இது தெரியாதவர் மாவட்டத்தில் யாரும் இல்லை. காற்றின் கணக்கிலும் அதே இரண்டு எண்கள்தான். ஆண்டு உமிழ்வு வரத்து. காற்றில் நிற்கும் செறிவு மட்டம்.

காற்றின் மட்டத்தைப் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். தொழிற்புரட்சிக்கு முன் அது சுமார் 280. சார்லஸ் கீலிங் 1958-ல் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024-ல் 424-ஐத் தாண்டியது. அண்டார்டிக் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளின்படி தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டில் இதன் உச்சமே 300-ஐ ஒட்டித்தான்; அதற்குமேல் போனதில்லை. பத்துப் பங்கை ஓர் அடியாக வைத்துக்கொண்டால், வெகுகாலம் 28 அடியில் நின்ற அணை இப்போது 42 அடிக்கு வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3 அங்குலம் ஏறுகிறது. பேச்சிப்பாறையில் 42 அடி என்று செய்தி வந்தால் அணைக்குக் கீழே திற்பரப்பு அருவியில் குளிக்கலாமா, குழித்துறை ஆற்றங்கரையில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஒரு வித்தியாசம்: காற்று என்ற அணைக்கு மறுகால் இல்லை.

இப்போது ஊரடங்குக் கணக்கு. காற்றின் மட்டம் 1 பங்கு ஏற சுமார் 780 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். 2020-ல் குறைந்தது ஏறக்குறைய 200 கோடி டன். வகுத்தால் 0.26 பங்கு. உமிழ்வதில் பாதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்வதால் மட்டத்தில் தெரிய வேண்டிய வித்தியாசம் 0.13 பங்கு. எல் நினோ வந்தால் போனால் மட்டத்தின் ஆண்டு ஏற்றம் ஏறக்குறைய 1 பங்கு கூடிக் குறையும். பருவத்துக்குப் பருவம் செடிகள் துளிர்ப்பதாலும் உதிர்வதாலும் மௌனா லோவாவில் 6 பங்கு ஏறி இறங்கும். அந்த அலைக்குள் 0.13-ஐக் கண்ணால் தேடினால் கிடைக்குமா? ஊரடங்கு காட்டியது குறைப்பு வீண் என்பதை அல்ல, 5 சதவீதம் எவ்வளவு சின்னது என்பதை.

கடலும் காடும் மூச்சுவிட்டு மூச்சு வாங்குவதாக ஆண்டுதோறும் புழங்கும் கார்பன், மனித உமிழ்வைப்போலச் சுமார் 20 மடங்கு. "இயற்கைக்கு முன்னால் மனிதன் 5 சதவீதம்தானே" என்ற வாதம் இங்கிருந்து வருகிறது. அணைக்குள் 1,000 கன அடி வந்து, கால்வாய்களில் 1,000 கன அடியும் போய்க்கொண்டிருந்தால் மட்டம் அசையாது. அதன்மேல் புதிதாக 50 கன அடி வந்து விழுந்தால் ஏறுவது அந்த 50-ஆல்தான். அதில் பாதியைக் கால்வாய் கூடுதலாக வாங்கிக்கொண்டாலும் மீதி நிற்கும்.

அப்படியானால் எவ்வளவு குறைத்தால் மட்டம் நிற்கும்? உமிழ்வைப் பாதியாக்கினால் கடலும் காடும் வாங்கும் அளவுக்கு அது வந்துவிடும். ஏற்றம் ஏறக்குறைய நிற்கும். ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். காற்றின் மட்டம் ஏறிக்கொண்டே இருப்பதால்தான் கடல் அவ்வளவு வாங்குகிறது. ஏற்றம் நின்றால் அது வாங்குவதும் ஆண்டுக்கு ஆண்டு தளரும். ஆகவே மட்டம் நிரந்தரமாக ஏறாதிருக்க வரத்து நிகரப் பூச்சியத்துக்கு, அதாவது நாம் விடுவதும் திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலைக்கு, வந்தாக வேண்டும். வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி: உலக வெப்பம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நிற்கும். "ஏற்கெனவே போட்டதே இன்னும் நூறு வருஷம் சூடாக்கும், இனி என்ன செய்து என்ன" என்பது செறிவு இப்போதிருக்கும் மட்டத்திலேயே நீடித்தால் என்ன ஆகும் என்ற வேறொரு கணக்கை உமிழ்வு நின்றால் என்ன ஆகும் என்பதோடு குழப்பிக்கொள்வதால் வருவது. ஆனால் குளிர்ந்து பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்றில் போட்ட கார்பனில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டு அங்கேயே இருக்கும்.

"நாம் குறைத்தால் எத்தனை டிகிரி குறையும்?"

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மொத்தமாக உமிழ்ந்த ஒவ்வொரு லட்சம் கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் சுமார் 0.45 டிகிரி. 1850 முதல் 2019 வரை உமிழ்ந்தது சுமார் 2.4 லட்சம் கோடி டன், பெருக்கினால் 1.08 டிகிரி வருகிறது, அளந்த 1.1-க்கு அருகில். எண் கேட்கும்போது டன் கார்பனா, டன் கார்பன் டை ஆக்சைடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். பாதிச் சண்டை இந்த அலகுக் குழப்பத்தில்தான் மூளும்.

இன்று காடழிப்பையும் சேர்த்தால் உலக உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன். அதாவது ஆண்டுக்கு 0.018 டிகிரி. இதே வேகத்தில் 50 ஆண்டு போனால் 0.9 டிகிரி கூடும். அதே 50 ஆண்டில் சீராகப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் 0.45. குறைப்பின் பொருள் அந்த மீதி 0.45 டிகிரி.

தூத்துக்குடியில் இருப்பதுபோல 1,000 மெகாவாட் அளவுள்ள ஓர் அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 70 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 கோடி யூனிட், யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 60 லட்சம் டன். 30 ஆண்டில் 18 கோடி டன். டிகிரியில் 0.00008. எதிர்வாதம் செய்பவர் இந்த எண்ணைத்தான் கையில் வைத்திருப்பார். பெருக்கல் சரி. ஆனால் உலகில் அப்படிப்பட்ட 1,000 மெகாவாட் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. சராசரியாக ஓடும் நேரத்தைக் குறைத்து எடுத்தாலும் கூட்டுத்தொகை 0.1 டிகிரியைத் தாண்டும். எந்த ஒரு நிலையத்தையும் தனியாக நிறுத்திப் பார்த்தால் குற்றமற்றதாகத்தான் தெரியும். மொத்தமும் அந்தக் குற்றமற்றவைகளின் கூட்டுதான்.

"சீனா நிறுத்தட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பதற்கும் எந்தப் பங்கைச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆண்டுக் கணக்கில் சீனா உலக எரிபொருள் உமிழ்வில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில், இந்தியா சுமார் 8 சதவீதம். தலைக்குக் கணக்கிட்டால் அமெரிக்கர் சுமார் 14 டன், சீனர் 8, இந்தியர் 2. இதுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவுக்கு நாலில் ஒரு பங்கு, இந்தியாவுக்கு அதில் சிறு துண்டு. மூன்றும் உண்மை, மூன்றும் வேறு கேள்விக்கான விடை. யார் பொறுப்பு என்று கேட்டால் சேர்ந்த மொத்தம். யார் குறைத்தால் இனி மட்டம் நிற்கும் என்று கேட்டால் ஆண்டுக் கணக்கு.

குறைப்பு நடக்கவே நடக்காது என்பதும் சரியில்லை. நிலக்கரி மின்சாரத்தில் பிறந்து வளர்ந்த பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. அதே வேளையில் ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தகத் தூசி வெயிலைக் கொஞ்சம் தடுத்துவந்தது. 2020-ல் கப்பல் எண்ணெயில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கினார்கள், குமரிமுனைக்குத் தெற்கே போகும் சரக்குக் கப்பல்களுக்கும் அதுதான் விதி. மூச்சுக்கு நல்லது, ஆனால் அந்தக் குடை சற்று விலகியது. குறைப்பின் பலன் வெப்பமானியில் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 20 ஆண்டு ஆகும்.

இந்த மாவட்டத்துக் கணக்குகள் சில

முப்பந்தல், ஆரல்வாய்மொழி வட்டாரக் காற்றாலைகளின் திறன் சுமார் 1,500 மெகாவாட். காற்று எப்போதும் இராது. ஆண்டுச் சராசரி 20 சதவீதம் என்று வைத்தால் 263 கோடி யூனிட். நாட்டின் மின்தொடரில் யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருவதால் ஆண்டுக்கு 18 லட்சம் டன் மிச்சம். குறை என்ன? ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீறுவது மே முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் இறக்கை நின்றால் வேறு மின்சாரம் வேண்டும். காற்று நன்றாக வீசும் இடங்களை முதலில் பிடித்தவை 250 கிலோவாட் போன்ற பழைய சிறு இயந்திரங்கள். அவற்றை மாற்றினாலே அதே நிலத்தில் பல மடங்கு எடுக்கலாம்.

வீட்டுக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் கரண்ட் பில் வரும் வீடு: ஆண்டுக்கு 2,400 யூனிட், 1,680 கிலோ. ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல்: லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 414. ஆண்டுக்கு ஏழு சிலிண்டர்: ஒன்றுக்கு 42 கிலோ வீதம் 294. கூட்டினால் சுமார் 2.4 டன், நாலு பேர் வீட்டில் தலைக்கு 0.6. ஆனால் இந்தியச் சராசரி 2 டன். மீதி எங்கே? ஒரு மூட்டை சிமென்டுக்குச் சுமார் 30 கிலோ. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை போனால் 12 டன். மேற்சொன்ன வீட்டின் ஐந்தாண்டு உமிழ்வு ஒரே கட்டுமானத்தில் முடிந்துவிடுகிறது. பல்பை மாற்றுங்கள் என்ற அறிவுரை எவ்வளவு தூரம் போகும் என்பதை இதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

வயலின் கதை வேறு. தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலில் மண்ணுக்குக் காற்றுப் போகாமல் மீத்தேன் உண்டாகும். மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 80 மடங்கு சூடாக்கும். ஆனால் சுமார் 12 ஆண்டில் சிதைந்துவிடும். மதகு திறந்திருக்கும் அணை என்று வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே வரத்தைக் குறைத்தால் மட்டம் கண்ணெதிரே இறங்கும். அதற்கு வழி காய்ச்சலும் பாய்ச்சலும். 30 சென்டிமீட்டர் நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு அந்தப் பாதியை, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, வயலில் புதைத்து உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் காயவிடக் கூடாது. மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் குறையும். கன்னிப்பூவில் (இங்கே முதல் நெற்பருவம்) மழை தொடர்ந்து அடித்தால் வயல் காயவே காயாது, பலன் குறையும். கும்பப்பூவில் (இரண்டாம் பருவம்) கடைமடைக்காரருக்கு முறைத்தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்ற உறுதி இல்லாவிட்டால், வந்த தண்ணீரைக் கட்டி வைக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது; சானலில் தண்ணீர் நாள் தவறாமல் வந்தால்தான் இந்த முறை நிற்கும்.

கடைசியாகக் கடல். வெப்பம் நின்றாலும் கடல் உடனே நிற்காது. சூடான நீர் விரிவதும் பனி உருகுவதும் நூற்றாண்டுக் கணக்கில் தொடரும். 1995–2014 மட்டத்தோடு ஒப்பிட்டு, உலக உமிழ்வு வேகமாகக் குறைந்தால் 2050-க்குள் 15 முதல் 23 சென்டிமீட்டர் ஏறும். உமிழ்வு கட்டுப்பாடின்றிக் கூடினால் 20 முதல் 29. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. 2100-ஐ எடுத்தால் குறைத்த பாதையில் 28 முதல் 55, குறைக்காத பாதையில் 63 முதல் 101. குளச்சலிலோ வள்ளவிளையிலோ இருபது ஆண்டு தாங்கக் கல் அடுக்குபவர் எந்தப் பாதை என்று யோசிக்காமலே சுவரின் உயரத்தை முடிவு செய்துவிடலாம். அதே தெருவில் பேரப்பிள்ளைக்கென்று கடன் வாங்கி வீடு போடுபவருக்கு அந்த இரண்டு வரிசை எண்களுக்கும் இடையே ஓர் ஆளின் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கிறது.